சுவர் தாண்டிப் போன கீரை

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். இனிமேல் என் தட்டில் கீரை விழக்கூடாது.

மனசுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுக்கிற தீர்மானங்களுக்கு எங்கள் வீட்டில் ஆயுசு கம்மி. சமையலறையிலிருந்து ராஜாம்பாள் "என்னா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். "ஒண்ணுமில்லம்மா" என்ற முனகலோடு அவை இயற்கை எய்திவிடும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கொளஞ்சிநாதன். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஊறுகாய் ஜாடியும் பியூஸ் கட்டையும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சூபர்வைசர். எனக்குக் கீழே ஆட்கள் உண்டு. பேட்டையில் நான் இருமினால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வீட்டில் நான் இருமினால் தூதுவளை ரசம் வரும்.

ராஜாம்பாள் என் மனைவி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. துண்டு என்றால் நிஜமாகவே துண்டுதான், குளித்துவிட்டுத் துவட்டுகிற துண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் அவள் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, புளிச்சக்கீரை, பசலை, மணத்தக்காளி, மூலையில் ஒரு முருங்கை என்று ஒரு ராஜ்ஜியமே நடத்திக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. ஊர்ப் பெயரிலேயே ஓர் இலை இருக்கிறது. பெண் பார்க்கப் போனபோதே நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். காபியைத்தான் கவனித்தேன்.

ஐப்பசி கார்த்திகை மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்ததில் தோட்டம் வெறி பிடித்த மாதிரி வளர்ந்தது. அரைக்கீரை என்று பெயர்தான் அரை. வந்து விழுவதென்னவோ முழுசாக. திங்கட்கிழமை கடைசல். செவ்வாய்க்கிழமை கூட்டு. புதன்கிழமை பொரியல். வியாழக்கிழமை மறுபடி கடைசல். கடைக்குப் போய்க் காய் வாங்காத குடும்பம் கடைசலிலேயே காலம் தள்ளியது. எங்கள் மகள் அன்புக்கரசி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று அவள் அழும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பிடிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொன்னேன்.

"எனக்குக் கீரை புடிக்கலம்மா."

"கீரைக்கு ஒங்களப் புடிச்சிருக்குதே. போன வருசம் ஒடம்புல ரத்தமே இல்லன்னு டாக்டரு சொன்னாரு. இப்ப எப்பிடி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"எதனால?"

நான் தட்டிலிருந்த கடைசலை வழித்துச் சாப்பிட்டேன். இப்படித்தான் எல்லா விவாதமும் முடியும். கீரைதான் மசிந்ததே தவிர அவள் மசியவில்லை.

தீர்மானம் எடுத்த மறுநாள், பேட்டையில் ஈர ஜாடிகள் காய்கிற அறையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. அச்சிலிருந்து எடுக்கும்போது கொழுகொழுவென்று இருக்கிற ஜாடி, காயக் காயச் சுருங்கும். எனக்குத் தெரியாத விஷயமா? தினமும் பார்ப்பதுதான். ஆனால் அன்றுதான் அதைக் கீரைக்குப் பொருத்திப் பார்த்தேன். மண்ணே சுருங்கினால் கீரை எவ்வளவு சுருங்கும்! ஒரு தோட்டத்தையே காயப்போட்டால் ஒரு ஜாடிக்குள் அடங்கிவிடும். கோடைக்கு எடுத்துவைக்கிறோம் என்ற பெயரில் ஜாடியைப் பரண் மேல் ஏற்றிவிடலாம். கோடை வரும்போது ஜாடிக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம். பீங்கான்தானே, பாவம், கைதவறும்.

சாயங்காலம், கிளேஸ் பூச்சு கொப்புளம் விட்டதால் தள்ளிவைத்திருந்த ஒரு பெரிய ஜாடியை முதலாளியிடம் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"ஏன் ராஜாம்பா, கோடையில கீரைக்கு என்னா பண்ணுவ?"

"தண்ணி ஊத்துவேன்."

"கெணறு வத்திப்போச்சுன்னா?"

"தெருக் கொழாயில போயி நீங்க புடிச்சாருவீங்க."

"கொழாயிலயும் வரலன்னா?"

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னா விசயம்? கீரை மேல இவ்ளோ அக்கறை?"

நான் ஜாடியை முன்னால் நகர்த்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு பிரசங்கத்தைத் தொடங்கினேன். இப்போது மிதமிஞ்சி விளைகிறது. சித்திரையில் ஒரு தழை தலைகாட்டாது. இருக்கும்போது காயவைத்துப் பத்திரப்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். ஆகையால் இனி பறிக்கிற கீரையெல்லாம் நேராக ஜாடிக்கு. தட்டுக்கு உருளைக்கிழங்கு. குடும்ப நலனுக்காக இந்தத் தியாகத்தைச் செய்ய நான் தயார்.

எதிர்ப்பு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நல்ல யோசனைங்க" என்றாள் ராஜாம்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கியது.

"எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"நானா?"

"பின்ன? காய வக்கிறதுக்குன்னே கம்பெனிக்காரன் ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறான். ஒங்களவிட எனக்கா தெரியும்? நான் பறிச்சிக் குடுக்கக்கூட மாட்டேன். எளசு முத்தல் பாத்து நீங்களே பறிங்க. நான் கத்துக்கறேன்."

அந்த வாரம் நான் கற்றுக்கொண்டது ஏராளம். கீரை ஆய்வது என்பது ஆய்வு என்பதைவிடக் கடினமான துறை. தண்டு வேறு, இலை வேறு, பழுத்தது வேறு, பூச்சி வேறு. பூச்சி எப்போதும் இலையின் பக்கம்தான் இருக்கும். மண் போகக் கழுவினால் கீரையும் சேர்ந்து போகும். கீரை போகாமல் கழுவினால் மண் போகாது. எல்லாவற்றையும் முடித்துக் கூடத்தில் வேட்டியை விரித்துப் பரப்பி, சீக்கிரம் காயட்டுமே என்று ஃபேனைப் போட்டேன். கீரை எழுந்து வீடு முழுக்க நடமாடியது. சாமி படத்தின் மேல் ஒரு கொத்து. என் தலையில் ஒரு கொத்து. ராஜாம்பாள் சுவரில் சாய்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டே மேற்பார்வை செய்தாள்.

"வெயில்ல போடாதீங்க, நெறம் போயிடும். நெழல்லயே காயணும்."

"சரி."

"அடிக்கடி பெரட்டி விடுங்க."

"சரி."

"குமிச்சி வக்காதீங்க, புழுங்கிப் போயிடும்."

இதை அவள் சொன்னபோது நான் ஏற்கெனவே குவித்து வைத்திருந்தேன். இடுப்பு வலி. இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் அடியில் கறுத்து, சொதசொதவென்று, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது.

"பூசணம்" என்றாள்.

"பனி காலம். காத்துல ஈரம்."

"காத்து மேல பழி போடாதீங்க. பரவாயில்ல, அடுத்த ஞாயித்துக்கெழம திரும்பப் போடுங்க. முருங்கையும் தழைஞ்சிருக்குது."

அப்போதுதான் எனக்கு உண்மை உறைத்தது. கீரையைத் தின்பது ஒரு வேளைத் துன்பம். அதைப் பதப்படுத்துவது நாள் முழுவதும் துன்பம். கீரையைப் பதப்படுத்தப் போய் நான் பதமாகிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டுத் தேவநாதன் என் கண்ணில் பட்டான். ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் வேலை. மாடி வைத்த மெத்தை வீடு. அவன் மனைவி ஆதிலட்சுமி கொல்லையில் ஆடு வளர்த்தாள். எங்கள் தோட்டத்துக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவில் மார்பளவு சுவர். நான் ஒரு வாரம் கஷ்டப்பட்டு ஒழிக்க முடியாத கீரையை அந்த ஆடுகள் ஒரே மூச்சில் ஒழித்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜாம்பாள், "பழமலைநாதர் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினாள். கோயிலுக்குப் போகிறவள் கையில் தேங்காயில்லை, பழமில்லை, வெறுங்கையோடு போகிறாளே என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் இந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். பறித்து வைத்திருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனேன்.

"தேவநாதா, ஆட்டுக்குத் தழை வேணுமா?"

அவன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, இது தழை இல்ல. சிறுகீரை."

"ஆட்டுக்குப் பேரு தெரியவா போவுது?"

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"அவ கோயில்ல இருக்கா. நீ வாய மூடிக்க. ஆடு வாயத் தொறக்கட்டும்."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராதுண்ணே."

வரவில்லைதான். தேவநாதன் நாணயஸ்தன். ஆனால் அந்த வீட்டில் அவன் வாயிலிருந்து வார்த்தை வரவேண்டிய அவசியமே கிடையாது. பேசுகிற பொறுப்பை ஆதிலட்சுமி எடுத்துக்கொண்டு வெகுநாள் ஆகிறது. அந்தச் சின்ன விஷயத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கூடை காலியாகிவிட்டது. ஆனால் ஜாடியில் ஏதாவது இருக்க வேண்டுமே. அதற்கும் வழி இருந்தது. ஒரு பிடி முருங்கைக்கீரையை மட்டும் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், பேட்டையில் ஜாடிகள் காய்கிற அறையில் ஒரு பலகை மேல் போட்டுவைத்தேன். ஒரே நாளில் சருகாகக் காய்ந்தது. அதைக் கொண்டுவந்து ஜாடியில் போட்டு, ராஜாம்பாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜாடியின் அடிப்பாகம்கூட மறையவில்லை.

"ஒரு கூடை போட்டீங்களே. இவ்ளோதானா?"

"விஞ்ஞானம். கீரையில பூராவும் தண்ணி. தண்ணி போச்சுன்னா மிச்சம் இவ்ளோதான். எங்க களிமண்ணே சுருங்குதே!"

"களிமண்ணு எங்க சுருங்குது? அப்பிடியேதான் இருக்குது" என்றாள், என் தலையைப் பார்த்துக்கொண்டே.

நான் சொன்னது பச்சைப் பொய். கீரை விஷயத்தில் வேறு எந்த நிறத்தில் பொய் சொல்வது? ஆனால் அவள் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் படித்ததை அவள் ஒப்புக்கொண்டதும் அன்றுதான்.

அதன் பிறகு வந்த நாட்களை என் வாழ்க்கையின் பொற்காலம் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு, கூடை சுவருக்கு, நான் ஈசிசேருக்கு. பிறகு வாரநாட்களிலும் சாயங்காலம் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். பக்தி முற்றிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். தட்டில் உருளைக்கிழங்கு வறுவல், வெங்காய சாம்பார், அப்பளம். பச்சையாக ஒன்றுமில்லை. வாழை இலைகூட வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

பொற்காலத்துக்கு மெருகு ஏற்றினாள் ஆதிலட்சுமி. சுவருக்கு மேலே மூடிய கிண்ணங்கள் வரத் தொடங்கின. முதலில் ஒரு வடகம். எண்ணெயில் பொரித்தால் கறுப்பும் சிவப்புமாக மொறுமொறுவென்று, வாயில் போட்டதும் கரைந்து போயிற்று. அடுத்தது இட்டிலிக்கு ஒரு பொடி. எள்ளும் மிளகாயும் வறுத்து இடித்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. கடைசியாக ஒரு தொக்கு. கருஞ்சிவப்பு. மேலே நல்லெண்ணெய் மிதந்தது. புளிப்பும் காரமும் நாக்கில் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டன.

"இது என்னா தொக்கு?" என்றேன், நாலாவது தடவை சோறு வாங்கிக்கொண்டே.

"ஆதிலட்சுமி வூட்டுப் பக்குவமாம். அவங்கம்மா ஊரு வேப்பூரு இல்ல? அங்கெல்லாம் இப்பிடித்தான் செய்வாங்களாம்."

"பாத்தியா? கைப்பக்குவம்னா இதுதான். நீயும் இருக்கியே, கீரையப் போட்டுக் கடைஞ்சி ஊத்துறத தவிர என்ன தெரியும்?"

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொக்கைக் கொஞ்சம் எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"தெரியாதுதாங்க. கத்துக்கறேன்."

"கத்துக்க. பக்கத்துலதானே இருக்கா. போயி நின்னு பாரு. அளவு கேட்டுக்க."

"சரிங்க."

"வெக்கப்படாத."

"இல்லங்க."

ஆண்பிள்ளைக்கு இப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம். கொஞ்சம் வருத்தப்படட்டும் என்று நினைத்து, இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க. அன்று நான் தூங்கிய தூக்கம் ஒரு சக்கரவர்த்தியின் தூக்கம்.

அந்தத் தொக்கையும் பொடியையும் மதியச் சாப்பாட்டோடு பேட்டைக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் வினை வந்தது.

எங்கள் முதலாளி ராஜாங்கம் அப்போது பெரிய கவலையில் இருந்தார். ஊரெல்லாம் பிளாஸ்டிக் டப்பா வந்துவிட்டது. பீங்கான் ஜாடியைச் சீண்ட ஆளில்லை. குடோனில் ஜாடி அடுக்கு அடுக்காக நின்றது. மாசி மகத்துக்கு ஊரில் கூடுகிற கூட்டத்தில் ஒரு கடை போட்டுப் பார்க்கலாமா, போட்டால் மட்டும் வாங்குவார்களா என்று யோசித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு விரல் தொக்கைத் தொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து முறையாகவே சாப்பிட்டார்.

"யாருய்யா செஞ்சது?"

"பக்கத்து வூட்டம்மாங்க சார்."

"ஏன், ஒன் வூட்டுல செய்ய மாட்டாங்களா?"

"அவளுக்கு இந்த அளவுக்கு வராதுங்க சார். ஏதோ கடைசல், கூட்டு. அவ்ளோதான்."

முதலாளி டிபன் பாக்ஸின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொளஞ்சி, காலி ஜாடியத்தானே எவனும் வாங்க மாட்டேங்குறான். இத ரொப்பி வச்சி வித்தா?"

"அள்ளிக்கிட்டுப் போவான் சார்!"

"அந்தம்மாவ நான் பாக்கணுமே."

"நானே கூட்டிக்கிட்டுப் போறேன் சார். எல்லாம் நம்ம கையில. என் வார்த்தைய அவங்க தட்ட மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நல்லவேளையாக ராஜாம்பாள் அப்போதுதான் கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பெரிய மனிதரை அழைத்து வந்த பெருமையோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். ஆதிலட்சுமி கதவைத் திறந்தாள். பின்னால் தேவநாதன் நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் உத்தரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

"அம்மா, இவரு எங்க மொதலாளி. ஒங்க தொக்குல மயங்கிட்டாரு. மாசி மகத்துக்கு நீங்கதான் ஜாடி ஜாடியா செஞ்சி குடுக்கணும்."

ஆதிலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

"நான் எங்கண்ணே செஞ்சேன்? கொண்டாந்து குடுத்ததுதான் நானு."

"பின்ன யாரு செஞ்சது?"

அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா!" என்று கூப்பிட்டாள்.

கோயிலுக்குப் போனவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். புடவையை இழுத்துச் சொருகியிருந்தாள். கையில் ஒரு முறம். முறம் நிறைய, சருகாகக் காய்ந்த, நிறம் மாறாத புளிச்சக்கீரை.

"வாங்க சார்" என்று முதலாளியை வரவேற்றாள். "மேல வந்து பாருங்க. காத்தோட்டமான மாடி. எங்க வூட்டுல இந்த வசதி இல்ல."

மேலே போனோம். ஓலைப் பந்தல் போட்டு, நிழலில் கீரை பரப்பியிருந்தது. அடியில் விரித்திருந்தவை என் வேட்டிகள். தொலைந்துவிட்டன என்று நான் நினைத்தவை. ஓரத்தில் தட்டுத் தட்டாக வடகம். பக்கத்தில் வரிசையாக ஜாடிகள். கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே பார்த்தேன். எங்கள் தோட்டம், நடுச்சுவர், நான் கூடையைத் தூக்கி நீட்டுகிற இடம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"நீ... எத்தினி நாளா..."

"நீங்க மொத கூடைய செவுத்து மேல தூக்கிக் குடுத்தீங்களே, அன்னிக்கே இங்கதான் நின்னேன். ஆதிலட்சுமியோட பேசிக்கிட்டிருந்துட்டுக் கோயிலுக்குப் போலாம்னு. மேலேர்ந்து ஒங்க வழுக்கை நல்லாத் தெரிஞ்சுது."

"அப்ப ஆடு?"

"ஆட்டுக்குத் தண்டு மட்டும் போட்டோம் அண்ணே" என்றாள் ஆதிலட்சுமி. "எலையெல்லாம் அக்கா எடுத்துக்கும்."

"வடகம்?"

"முருங்கக்கீரையும் உளுந்தும்" என்றாள் ராஜாம்பாள்.

"அந்தப் பொடி?"

"சிறுகீரையக் காயவச்சி எள்ளு போட்டு இடிச்சது. எள்ளு போட்டா பச்ச தெரியாது."

"தொக்கு?"

"அதக் கேக்கணுமா? புளிச்சக்கீரைங்க."

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் கீரை சாப்பிட்டேன். இந்தப் பொற்காலம் முழுவதும் மூன்று வேளையும் கீரை சாப்பிட்டிருக்கிறேன். கேட்டு வாங்கி. விரலை நக்கி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"என்னாத்தச் சொல்றது? கோடைக்கு எடுத்து வைக்கணும்னு யோசனை சொன்னதே நீங்கதான். வச்சிட்டேன். பக்கத்துல போயி நின்னு கத்துக்கன்னு சொன்னீங்க. கத்துக்கிட்டேன்."

முதலாளி ஒரு வடகத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, ரொம்ப யதார்த்தமாக, "ஒங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு கொளஞ்சி சொன்னாரேம்மா?" என்றார்.

"அப்பிடியா சொன்னாரு?" என்றாள் ராஜாம்பாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சூளைக்குள் ஏற்றிய ஜாடி மாதிரி எனக்குக் காது நுனியெல்லாம் சிவந்துபோயிற்று. தேவநாதனைப் பார்த்தேன். அவன் இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு அப்பிடித்தாங்க சார்" என்றாள் அவள், எனக்காகப் பரிந்துகொண்டு. "பெருமையெல்லாம் வெளிய சொல்ல மாட்டாரு. ஆனா இதுல பாதி உழைப்பு அவரோடதுதான். பறிக்கறது, கழுவறது, கூடையில ரொப்பி செவுத்துக்கு அந்தாண்ட குடுக்கறது, எல்லாம் அவருதான். பூச்சி பாத்து ஆயறதுல அவரு கண்ணுக்குத் தப்பவே தப்பாது."

"அப்பிடியா!" என்றார் முதலாளி. எனக்கு அந்த 'அப்பிடியா'வும் பிடிக்கவில்லை.

மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் கூட்டம் நெரிந்தது. முதலாளி போட்ட கடையில் தொக்கு ஜாடி, பொடி ஜாடி, வடக ஜாடி என்று அடுக்கியிருந்தது. நான் கூவிக் கூவி விற்றேன். கூவாமலே விற்றிருக்கும். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஓர் அம்மாள் ருசி பார்த்துவிட்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கிப் போனாள். தீர்த்தவாரி முடிவதற்குள் கடையில் என்னைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

முதலாளி யோசிக்கவே இல்லை. பேட்டையில் பியூஸ் கட்டை அடுக்கி வைத்திருந்த ஷெட்டைக் காலி பண்ணி, வெள்ளையடித்து, ராஜாம்பாளையும் ஆதிலட்சுமியையும் வரச்சொல்லிவிட்டார். கீரைக்கு எங்கள் துண்டு நிலம் போதாமல், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் மைத்துனன் மூட்டை மூட்டையாக அனுப்பினான். ஆய்வதற்கு ஆள் போடலாமா என்று முதலாளி கேட்டார்.

"வெளியாளு எதுக்கு சார்?" என்றாள் ராஜாம்பாள். "பழகின கை இருக்கறப்ப?"

திங்கட்கிழமை முதல் நான் அந்த ஷெட்டுக்கு மாற்றப்பட்டேன். சூபர்வைசர் என்ற பட்டத்தை முதலாளி பறிக்கவில்லை. பெருந்தன்மையானவர். நான் கீரையை சூபர்வைஸ் செய்தேன். ராஜாம்பாள் என்னை சூபர்வைஸ் செய்தாள். என் பழைய ஆட்களெல்லாம் அவளை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு கிண்டல் போய்விட்டது, மேடம் மட்டும் நின்றது.

அப்படியே பங்குனி போய்ச் சித்திரை வந்தது. ஒரு நாள் காலையில் ஒரு மூட்டை முளைக்கீரையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. முதலாளியிடம் போய் ஒரு நாள் லீவு கேட்டேன்.

"அந்த ஷெட்டு லீவெல்லாம் என்கிட்ட கேக்காதப்பா" என்றார். "மேடத்தக் கேளு."

மேடத்தைக் கேட்டேன். ராஜாம்பாள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். முகம் இளகிவிட்டது.

"பாவம், களைச்சிப் போயிட்டீங்க. லீவு போட்டுட்டு வூட்டுக்குப் போங்க" என்றாள். "தோட்டத்துல பாத்தி கொத்தாமக் கெடக்குது."